கம்பளி இருந்தும் குளிர்: உதகை அருகே ஒரு லைன் குடியிருப்பில் செய்த குளிர்கால உதவி

(நிகழ்வு ஆய்வு. குடியிருப்பையோ குடும்பங்களையோ அடையாளம் காட்டும் விவரங்கள் விடப்பட்டிருக்கின்றன.)

பின்னணி

உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சீசனுக்கு வருகிறவர்களுக்கு ஏப்ரல், மே மாதத்துக் குளுமைதான் ஊட்டி. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை இங்கே இருப்பது வேறு ஊர். வடகிழக்குப் பருவமழை மேகம் விலகி வானம் வெளுத்ததும் முதலில் நீர்ப்பனி இறங்கும். கொஞ்ச நாளில் அது உறைபனியாகிவிடும். தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்ந்த பகுதிகளில் புல்தரையிலும் வண்டிச் சீட்டிலும் காலையில் வெள்ளையாகப் படிந்திருப்பது அதுதான்.

மேகமில்லாத இரவில் தரை பகலில் வாங்கிய சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் மேட்டிலிருக்கும் பங்களாவைவிடப் பள்ளத்து வீட்டுக்குக் குளிர் அதிகம். காய்கறித் தோட்டங்கள் தண்ணீர் வசதிக்காகப் பள்ளத்தில்தான் போடப்படுகின்றன. அங்கே கூலி வேலை செய்கிறவர்கள் குடியிருப்பதும் தோட்டத்தை ஒட்டித்தான்.

இந்த ஆய்வில் வரும் குடியிருப்பு அப்படிப்பட்ட ஒன்று. ஒரே வரிசையில் 14 அறைகள், தோட்டக்காரருக்குச் சொந்தம். வெளிப்பூச்சு இல்லாத ஹாலோ பிளாக் சுவர், மேலே தகர ஷீட், கீழே சிமென்ட் தரை, மூலையில் விறகடுப்பு. சுவர் முடிகிற இடத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு கை போகும் அளவு சந்து. பாதி வீடுகளில் சமவெளி மாவட்டங்களிலிருந்து வந்து பல வருடமாக இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள். மீதியில் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, பூண்டு வேலை. கேரட்டை விடியுமுன்னே பிடுங்கிக் கழுவி மூட்டை கட்டினால்தான் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் லாரியில் ஏற்ற முடியும்.

நாங்கள் உதகையில் இருக்கும் சின்னத் தன்னார்வக் குழு. ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், கட்டட மேஸ்திரி ஒருவர், இரண்டு கடைக்காரர்கள், சில ஆசிரியர்கள். நவம்பர் கடைசியில் பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர் எங்களிடம் பேசினார். அந்தக் குடியிருப்புப் பிள்ளைகள் முதல் பீரியடிலேயே தூங்கி வழிகிறார்கள், ராத்திரி குளிரில் தூக்கமில்லை போலிருக்கிறது, கம்பளி ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டார்.

கேட்டது கம்பளி, பார்த்தது வேறு

வாங்குவதற்கு முன் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடலாம் என்று செவிலியர் சொன்னார். அதுவும் பகலில் வேண்டாம், விடியற்காலையில் போவோம் என்றார். இந்த வேலை முழுக்க ஏதாவது ஒரு யோசனை பணத்தை மிச்சப்படுத்தியது என்றால் அது இதுதான்.

எல்லா வீட்டிலும் கம்பளி இருந்தது. ஒரு வீட்டில் டிரங்குப் பெட்டிமேல் பிளாஸ்டிக் கவர் பிரிக்காத இரண்டு புதுக் கம்பளிகள். ஊரிலிருக்கும் மகளுக்குச் சீராகக் கொடுக்க வைத்திருக்கிறார்களாம். அங்கிருந்த பெரியம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: “கம்பளி குடுக்க வருஷா வருஷம் யாராச்சும் வர்றாங்க கண்ணு. போத்திக்கத் துணி இருக்கு. கீழ இருந்து ஏறுதே, அதுக்கு என்ன பண்றது?”

அவர் சொன்னது சரி. படுக்கை என்பது சிமென்ட் தரையில் ஒரு தார்ப்பாய், அதன்மேல் ஒரு ஜமக்காளம், அவ்வளவுதான். கம்பளி சூடு தருவதில்லை. தன் இழைகளுக்குள் காற்றைப் பிடித்து வைத்து உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. உடம்புக்கு அடியில் போட்ட துணி எடையில் நசுங்கிவிடும், காற்று நிற்காது. சிமென்ட் தரை ராத்திரி முழுக்க முதுகிலிருந்து சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே ஆறு கம்பளி போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

இரண்டாவது விஷயம் கூரை. “மழையே இல்லாம விடியக்காலம் ஒழுகுதுங்க” என்று மூன்று நான்கு வீடுகளில் சொன்னார்கள். தகரத்தில் ஓட்டை இருக்கும் என்று நினைத்து மேஸ்திரி மேலே ஏறிப் பார்த்தார், ஓட்டை இல்லை. தெளிந்த இரவில் மெல்லிய தகரம் வெளிக்காற்றைவிடவும் அதிகமாகக் குளிர்ந்துபோகிறது. உள்ளே நான்கைந்து பேர் விடும் மூச்சும் சோறு வடித்த ஆவியும் அதன் அடிப்பக்கத்தில் நீராகப் படிந்து, துளி பெருத்ததும் படுத்திருப்பவர்கள் மேல் விழுகிறது. செவிலியர் ஒரு குழந்தையின் கம்பளியைத் தொட்டுப் பார்த்தபோது மேல்பக்கம் சில்லென்று ஈரமாக இருந்தது. ஈரமான துணிக்குள் காற்றுக்குப் பதில் தண்ணீர் இருக்கிறது. அது சூட்டைக் காப்பதற்குப் பதில் கடத்திவிடும்.

காய வைத்தால் போச்சு என்று தோன்றும். இங்கே குளிர்கால வெயில் சுள்ளென்றுதான் அடிக்கிறது. ஆனால் அந்த வெயில் கம்பளியைப் பார்ப்பதில்லை. ஆட்கள் இருட்டில் வேலைக்குப் போகிறார்கள், வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். வெளியே போட்டுவிட்டுப் போனால் குரங்கு இழுத்துக்கொண்டு போகும். திரும்பி வரும்போது பள்ளத்தில் மலை நிழல் விழுந்திருக்கும். கேரட் கழுவிய ஈரத்தோடு கழற்றிப்போடும் ஸ்வெட்டரும் பேன்ட்டும்கூட மறுநாள் அரை ஈரத்தோடுதான் உடம்பில் ஏறுகின்றன.

மூன்றாவதாகப் பார்த்தது கரிச்சட்டி. அதற்கான முக்கியத்துவத்தை நாங்கள் உணர்ந்தது சில நாள் கழித்து.

கரிச்சட்டி

இந்தப் பக்கத்து வீடுகளில் ராத்திரிச் சமையல் முடிந்ததும் அடுப்பில் மிஞ்சும் தணலை ஒரு பழைய இரும்புச் சட்டியில் அள்ளி, அறை நடுவில் வைத்துக்கொள்வது வழக்கம். புகை அடங்கிய பிறகு சட்டி உள்ளே வரும். காலம் காலமாக நடப்பதுதான். தகரத்துக்கு அடியில் சந்து திறந்து கிடந்த வரைக்கும் பெரும்பாலும் ஆபத்தில்லாமல் போயிருக்கிறது.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு வீட்டில் குளிர் தாங்காமல் அந்தச் சந்தில் சாக்கையும் பழந்துணியையும் அடைத்தார்கள். கதவுக்கு அடியிலும் ஒரு துணிச்சுருள். அன்று ராத்திரி அறை நன்றாகக் கதகதப்பாக இருந்ததாம். காலையில் அம்மாவுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் மண்டையைப் பிளக்கும் தலைவலி, வாந்தி, நிற்க முடியாத கிறுகிறுப்பு. அப்பா மூன்று மணிக்கே வேலைக்குப் போய்விட்டார், அவருக்கு லேசான தலைவலி மட்டும். முதல் நாள் மீன் குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வைத்திருந்தார், கொரோனா காலத்தில் வாங்கியது. அதில் 98 என்று காட்டியது. அதனால் மூச்சுப் பிரச்சினை இல்லை என்று ஒரு மணி நேரம் வீணாகப் போனது.

எங்கள் செவிலியருக்குத் தகவல் வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “உள்ள கரி வச்சீங்களா?” ஆமாம் என்றதும் எல்லாரையும் வெளியே கொண்டுவந்து உட்கார வைக்கச் சொல்லிவிட்டு 108-க்கு அழைத்தார். மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். மூவரும் பிழைத்து வீடு திரும்பினார்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இதே மாதிரி கரி வைத்துவிட்டுப் படுத்தவர்கள் எழாமலே போன செய்திகள் பேப்பரில் வந்திருக்கின்றன. இங்கே அம்மாவுக்கு விடியற்காலையில் வாந்தி வந்து எழுந்ததுதான் காப்பாற்றியது.

நடந்தது என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் குடியிருப்பில் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றே: “புகையே இல்லையே, அப்புறம் எப்படி?” புகை இல்லாததுதான் சிக்கல். தணலாகக் கனலும் கரி, போதிய காற்று கிடைக்காமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடை நிறைய விடுகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, கண் எரியாது, இருமல் வராது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. தூங்குகிறவர்களை எழுப்பாது, தூக்கத்தை இன்னும் ஆழமாக்கும். விரல் ஆக்சிமீட்டர் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் இந்த வாயு ஏறிய ரத்தத்தையும் பிரித்துப் பார்க்காது. அதனால் ஆபத்தில் இருப்பவருக்கும் 98 காட்டும். ஒரே அறையில் படுத்த பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, வாந்தி, கிறுகிறுப்பு, காய்ச்சல் இல்லை, வெளியே வந்ததும் கொஞ்சம் தேவலை என்றால் சாப்பாட்டைச் சந்தேகிப்பதற்கு முன் சட்டியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இந்தச் சம்பவம் எங்கள் திட்டத்தின் போக்கையே மாற்றியது. அதுவரை ‘கூரைக்கடியிலுள்ள இடைவெளியை அடைப்பது’ என்பது எங்கள் பட்டியலில் முதலில் இருந்தது. செலவு குறைவு, பலன் உடனே தெரியும். ஆனால் அந்த இடைவெளியை அடைத்து, கரிச்சட்டியை அப்படியே விட்டால் 14 வீட்டையும் அந்த ஒரு வீடு மாதிரி ஆக்குவதாகும். ‘கரிச்சட்டி வைக்காதே’ என்று மட்டும் சொல்லிவிட்டு வருவதும் சரியில்லை. பூஜ்யத்தை ஒட்டிய ராத்திரியில் இருக்கிற ஒரே சூட்டையும் எடுத்துவிட்டு, பதிலுக்கு ஒன்றும் தராமல் போனால் யார் கேட்பார்கள்?

முடிவுகளும் காரணங்களும்

குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டுச் சுகாதார வழிகாட்டுதலில் சொல்கிறது. தகரக் கூரையும் திறந்த சந்தும் உள்ள அறையில் அது நடக்காது. எனவே அறையைச் சூடாக்கும் எண்ணத்தை விட்டுவிட்டோம். படுக்கையைச் சூடாகவும் உலர்வாகவும் வைப்பது, தணலைப் படுக்கைப் பக்கம் கொண்டுவராமல் தடுப்பது, இந்த இரண்டுக்குத்தான் பணம் என்று முடிவு செய்தோம்.

நன்கொடையாளர்கள் நல்ல மனதோடு சொன்ன சில யோசனைகளை ஏற்க முடியவில்லை. மின்சார ஹீட்டர் அதில் ஒன்று. 1,000 வாட் ஹீட்டர் ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் 8 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு அப்போது இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அது இரண்டு வாரம்கூடத் தாங்காது. அதுவும் தனி இணைப்பு இருந்தால்தான். இங்கே 14 அறைக்கும் தோட்டக்காரர் பேரில் ஒரே மீட்டர், அதிலிருந்து மெல்லிய ஒயரில் ஆளுக்கு ஒரு பல்பும் ஒரு செல்போன் சார்ஜரும். நான்கு ஹீட்டரை ஒன்றாகப் போட்டால் ஒயர் உருகும். எலெக்ட்ரிக் கம்பளியையும் வேண்டாம் என்றோம். ஈரம் சொட்டும் அறையில் அது ஆபத்து.

தெர்மாகோல் ஷீட் இலவசமாகத் தர ஒருவர் தயாராக இருந்தார். குளிரைத் தடுப்பதில் அதை அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் விறகடுப்பு எரியும் அறையில் தெர்மாகோலைக் கூரைக்கடியில் ஒட்டுவது தீயை அழைத்து உட்கார வைப்பது. உருகிச் சொட்டும், கரும்புகை கக்கும். நன்றி சொல்லி மறுத்தோம். உரச் சாக்குகளைத் தைத்துக் கூரைக்கடியில் தொங்கவிடும் யோசனையும் இதே காரணத்தால் போனது.

கடைசியில் தேறியவை: தரையிலிருந்து உயர்த்திய பலகைப் படுக்கை, படுக்கும் பகுதிக்கு மேல் மட்டும் ஒரு ஃபைபர் சிமென்ட் போர்டு, தணலுக்கு வேறு வேலை. படுக்கும் பக்கச் சந்தை மட்டும் அடைப்பது, அடுப்புக்கு மேலுள்ள சந்தைத் தொடவே கூடாது என்பது மேஸ்திரியின் நிபந்தனை. அந்தச் சந்து அவர்கள் வீட்டுப் புகைபோக்கி.

செய்த விதம்

முதலில் தோட்டக்காரரிடம் பேசினோம். அவர் வீட்டில் ஆணி அடிக்க அவர் அனுமதி வேண்டும். மனிதர் மறுக்கவில்லை, மருத்துவமனைச் சம்பவத்துக்குப் பிறகு அவருக்கும் பயம் வந்திருந்தது. மரத்தில் பாதியை அவரே தந்தார்.

கைக்குழந்தையும் வயதானவர்களும் இருந்த வீடுகளில் முதலில் பலகை போட்டோம். தரையிலிருந்து அரை அடி உயரம், பலகைக்குப் பலகை விரல் நுழையும் இடைவெளி, மேலே தேங்காய் நார் மெத்தை. மற்ற வீடுகளில் பணம் போதாததால் மெத்தையை மட்டும் தார்ப்பாய் விரித்துத் தரையில் போட்டோம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மாதத்துக்குள் தெரிந்துவிட்டது. தரையில் போட்ட மெத்தைகளின் அடிப்பக்கம் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடித்தது. உடம்பிலிருந்து இறங்கும் ஈரம் மெத்தை வழியாகக் கீழே போய், குளிர்ந்த தார்ப்பாயில் பட்டு நீராகிவிடுகிறது. தினமும் காலையில் தூக்கிச் சுவரில் சாய்த்த வீடுகளில் பூஞ்சை இல்லை. மூன்று மணிக்கு வேலைக்கு ஓடுகிறவர்களிடம் அதை எதிர்பார்ப்பது நடைமுறையில்லை. பலகைமேல் போட்டவை தாமாகவே உலர்ந்தன.

போர்டு வேலையில் ஒரு நுணுக்கம் உண்டு. தகரத்தில் படியும் நீர் எங்கேயும் போய்விடாது. முன்பு ஆள்மேல் விழுந்தது இனி போர்டின் மேல் விழும். அதனால் போர்டை மட்டமாக அடிக்காமல் வெளிச்சுவர்ப் பக்கம் சாய்வாக வைத்து, மேலே ஒரு தார்ப்பாய் போட்டு, சொட்டுகிற நீர் வெளியே போகும்படி மேஸ்திரி செய்தார். அடுப்பு இருக்கும் பாதியில் போர்டு கிடையாது.

தணலுக்குக் கண்டுபிடித்த வேலை அந்தப் பெரியம்மாவின் யோசனை. சமையல் முடிந்ததும் தணலைச் சட்டியில் அள்ளாமல் அடுப்பிலேயே விட்டு, அதன்மேல் மூடி போட்ட பெரிய அலுமினியப் பானையில் தண்ணீர் வைப்பது. படுக்கப் போகும் நேரத்துக்குத் தண்ணீர் நன்றாகச் சுட்டிருக்கும். அதை ரப்பர் வெந்நீர்ப் பையில் ஊற்றி, துண்டில் சுற்றிக் கால்மாட்டில் வைத்துக்கொள்வது. கூடுதல் விறகு ஒரு சுள்ளிகூட வேண்டாம். முன்பு அறையில் பரவி தகரத்தின் வழியே போன சூடு இப்போது நேராகக் கம்பளிக்குள் போகிறது. மிச்சத் தண்ணீர் காலையில் முகம் கழுவும் அளவுக்கு வெதுவெதுப்பாக இருந்தது, பெண்களுக்கு அதுதான் அதிகம் பிடித்தது. கொதிக்கிற நீரை ஊற்றக் கூடாது, பையை வெறும் தோலில் வைக்கக் கூடாது, குழந்தையின் படுக்கையைச் சூடாக்கிவிட்டு எடுத்துவிட வேண்டும் என்று செவிலியர் வீடு வீடாகச் செய்து காட்டினார்.

ஜார்க்கண்ட் குடும்பங்களிடம் இதையெல்லாம் சொல்வதில் சிரமம் இருந்தது. எங்களில் இந்தி பேசுகிறவர் ஒருவர்தான், அவரும் கடைவீதி இந்தி. அங்கே ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன் தமிழ்ப் பள்ளியில் படிப்பதால் சரளமாகத் தமிழ் பேசினான், வீட்டில் ஜார்க்கண்ட் பக்கத்து மொழியான சாத்ரி பேசினான். அவன்தான் மொழிபெயர்ப்பாளர். கரிச்சட்டியைப் பற்றி எழுத்தே இல்லாமல் படம் மட்டும் போட்ட அட்டையை ஒவ்வொரு கதவின் உள்பக்கமும் ஒட்டினோம்.

ஒரு வீட்டில் நவம்பரில் பிறந்த, எடை குறைந்த குழந்தை. பிறந்த குழந்தையின் உடம்புச் சூடு 36.5 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. கிராம சுகாதாரச் செவிலியர் ஏற்கெனவே அந்தத் தாய்க்குக் கங்காரு முறையைச் சொல்லித் தந்திருந்தார்: குழந்தையை வெறும் நெஞ்சோடு அணைத்து, மேலே துணி சுற்றி வைப்பது. தாய் அதைச் செய்யாமல் இருந்ததற்குக் காரணம் அறையில் தனி மறைவு இல்லாததுதான். மேஸ்திரி ஒரு கம்பி கட்டித் திரை போட்டுக் கொடுத்தார். இந்த வேலையிலேயே குறைந்த செலவு அதற்குத்தான்.

ஆண்களிடம் ஒரு விஷயம் எடுபடவில்லை. குவார்ட்டர் போட்டால் குளிர் தெரியாது என்பது அவர்கள் நம்பிக்கை. மது தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து உடம்பின் உள்சூட்டைச் சீக்கிரம் இழக்க வைக்கிறது, சூடாக இருப்பதுபோலத் தோன்றுவது அதனால்தான் என்று விளக்கினோம். தலையாட்டினார்கள். சரி, வாசலில் ஒன்றாக உட்கார்ந்து மூட்டும் கணப்பை நாங்கள் தொடவில்லை. அது திறந்தவெளியில் எரிகிறது, அன்றைய பேச்சும் சண்டை சமாதானமும் அதைச் சுற்றித்தான்.

பொங்கலை ஒட்டிய வாரம்

ஜனவரி நடுவில் தொடர்ந்து சில நாட்கள் கடும் உறைபனி. வாசலில் வைத்த பக்கெட்டில் மேலே கண்ணாடிபோல் ஐஸ். அந்த வாரத்தில் இரண்டு வீடுகளில் கரிச்சட்டி மறுபடி உள்ளே வந்தது. ஒன்று, வெந்நீர்ப் பை ஓட்டையாகி மாற்றுப் பை கேட்கக் கூச்சப்பட்ட வீடு. இன்னொன்று, ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்து தரையில் படுத்த வீடு. எங்களுக்கு இதைச் சொன்னது அந்தப் பையன். திட்டாமல், விருந்தாளிகளுக்கு உபரி மெத்தை இரண்டும், குடியிருப்புக்குப் பொதுவாகச் சில கூடுதல் பைகளும் பெரியம்மா வீட்டில் வைத்தோம். கேட்பதற்கு வெளியாள் தேவையில்லை என்றதும் கூச்சம் போய்விட்டது.

விறகு இன்னொரு தலைவலி. டிசம்பரில் வாங்கிக் கொடுத்த சீகை விறகும் கற்பூர மரத் துண்டுகளும் பச்சை. எரிந்ததைவிடப் புகைந்தது அதிகம். புகை தாங்காமல் தணலை வெளியே அள்ளுவதும், அள்ளிய தணல் சட்டிக்குப் போவதும் பழைய கதைக்கே வழி. சோலைப் பக்கம் சுள்ளி பொறுக்கப் போகிற பெண்களுக்குக் காட்டெருமையும் வனத்துறையும் சேர்ந்த பயம்.

விளைவு

பிப்ரவரி கடைசியில் வீடு வீடாகப் பேசினோம். அறைக்குள் விடியற்கால வெப்பநிலை பெரிதாக ஏறவில்லை. வெளியைவிட இரண்டு மூன்று டிகிரி அதிகம், அவ்வளவுதான். ஆனால் போர்டு போட்ட வீடுகளில் சொட்டுவது நின்றது, கம்பளி உலர்வாக இருந்தது. பலகைப் படுக்கை கிடைத்த வீடுகளில் முதுகு விறைப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்தக் கைக்குழந்தை எடை ஏறியது. டிசம்பருக்குப் பிறகு கரியால் யாரும் மருத்துவமனைக்குப் போகவில்லை. பள்ளி ஆசிரியையிடம் கேட்டோம். தூக்கம் குறைந்திருக்கிறது, ஆனால் கேரட் சீசன் உச்சத்தில் இருக்கும்போது பெரிய பிள்ளைகள் அம்மாவோடு எழுந்து அடுப்பு மூட்டுகிறார்கள், அது கம்பளியாலோ பலகையாலோ தீராது என்றார்.

எதிர்பாராத விளைவும் உண்டு. இரண்டு குடும்பங்கள் ஜனவரியில் ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை. மெத்தையை எடுத்துப் போனார்கள். பலகையும் போர்டும் நின்றன. அந்த அறைகளுக்கு வந்த புதுக் குடும்பங்களிடம் தோட்டக்காரர் முன்பைவிட அதிக வாடகை கேட்டார், ‘சீலிங் போட்ட ரூம்’ என்று. கேள்விப்பட்டு நாங்கள் போய்ப் பேசினோம். ஏற்கெனவே இருப்பவர்களுக்கு ஏற்றவில்லையே என்றார். அவர் மரம் கொடுத்திருக்கிறார், அவரை வில்லனாக்குவதில் நியாயமில்லை. ஆனால் ஏழைகளுக்காகத் திரட்டிய பணம் அவர்களின் வாடகையாக மாறியதும் உண்மை. அது இன்னும் தீராமல்தான் இருக்கிறது.

அடுத்த குளிர்காலத்துக்கு

விறகை மார்ச், ஏப்ரலிலேயே வாங்கிப் பிளந்து, மழை படாமல் அடுக்கி வைக்கப் போகிறோம். தென்மேற்குப் பருவமழைக்கு முன் உலர்ந்த விறகுதான் டிசம்பரில் புகையாமல் எரியும். அடுக்க இடம் தரத் தோட்டக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மெத்தையைத் தரையில் போடும் முறை வேண்டாம். பணம் போதாவிட்டால் வீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, எடுத்துக்கொண்ட வீட்டில் பலகையோடு செய்வது. எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்று போனால் பூஞ்சைதான் மிஞ்சுகிறது. இதில் குழுவுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஒரே வரிசையில் சிலருக்குக் கொடுத்துச் சிலருக்கு விடுவது சண்டை மூட்டும் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். அவர்கள் பயமும் பொய்யில்லை.

நிலையாகப் பொருத்தும் எதற்கும் ஆணி அடிப்பதற்கு முன் வாடகையைப் பற்றி எழுத்தில் ஒரு கடிதம் வாங்க வேண்டும், இத்தனை வருடத்துக்கு ஏற்றுவதில்லை, புது ஆளுக்கும் அதே வாடகை என்று. கடிதம் தர மறுத்தால் கழற்றி எடுத்துப் போகக்கூடிய பலகையும் மெத்தையும் மட்டும்.

கேரட் கழுவுகிறவர்களுக்கு ரப்பர் கையுறையும் கம்பூட்ஸும், வீடு திரும்பியதும் மாற்ற ஒரு செட் உலர்ந்த துணியும் இந்த முறை பட்டியலில் முன்னுக்கு வந்திருக்கின்றன. ஈரத்தோடு வருகிறவர்தான் சட்டியை முதலில் தேடுகிறார்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றிரண்டு வாங்கி, கதவை அடைக்கும் பழக்கம் உள்ள வீடுகளில் மாட்டிப் பார்க்க இருக்கிறோம். பேட்டரி தீர்ந்ததும் அது சுவரில் மாட்டிய டப்பாதான். வாரம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கும் பொறுப்பு யாருக்கு என்பது முடிவானால்தான் வாங்குவோம். அந்தப் பையன் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறான். பிள்ளை தலையில் அந்த வேலையைக் கட்டுவதா என்று செவிலியர் யோசிக்கிறார்.